நம்ம ஊரு டைரி: நாலு நாளா ஒரே சொம்பு!

“சித்தி, நாலு நாளா ஒரே சொம்பு சித்தி! நான் இன்னா பாத்திரக் கடையா வெக்கப்போறேன்?”

போன மாதம் ஆரணிக்குப் போனபோது, பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் அக்கா மகள் கேட்ட கேள்வி இது. ப்ளஸ் டூ படிக்கிறாள். கையில் ஒரு பெரிய தாள். அதில் பென்சிலால் வரைந்த ஒரு பித்தளைச் சொம்பு. அழித்து அழித்து வரைந்ததில் தாளே பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இவள்தான் ‘ஆர்ட்டிஸ்ட்’. போனில் ஒரு நடிகரின் போட்டோவைத் திறப்பாள். அதன் மேல் கட்டம் போட்டுத் தரும் ஆப் ஒன்று இருக்கிறது. தாளிலும் அதே மாதிரி கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக இறக்குவாள். இரண்டு மணி நேரத்தில் முகம் ரெடி. லைக்ஸ் குவியும். அவள் அறைச் சுவரில் ஓவியர் இளையராஜாவின் ஓவியம் ஒன்று காலண்டரிலிருந்து கிழித்து ஒட்டப்பட்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் விழும் கிராமத்துப் பெண்ணின் முகம். போட்டோவா, ஓவியமா என்று நம்மைச் சந்தேகப்பட வைத்தவர் அவர். இவளுக்கும் அப்படி வரைய வேண்டும். ப்ளஸ் டூ முடித்ததும் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும். இதுதான் இவள் கனவு.

மாமாவுக்கு, அதாவது என் அக்கா கணவருக்கு, அது கனவாகத் தெரியவில்லை. கவலையாகத் தெரிந்தது. அவர் பட்டு நெசவாளர். வீட்டுக்குள்ளேயே தறி. முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார், இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். “என் காலம்தான் தறிக்குழியில போச்சு. இது பி.காம் படிச்சு பேங்க் எக்ஸாம் எழுதட்டும். படம் வரைஞ்சா யாரு துட்டு தருவாங்க?” என்பது அவர் கட்சி.

இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். ஊரில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர். பல வருடம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டு முன்கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். “அவர்கிட்டயே கேட்டுருவோம். இவளுக்கு வரும்னா வரும், வராதுன்னா வராது.”

மாஸ்டர் பதில் சொன்னார். ஆனால், அது கேள்விக்கான பதில் இல்லை.

“வருமா வராதான்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்? நாலு மாசம் வந்து உக்காரட்டும். அப்புறம் அவளே சொல்லுவா.”

அப்படி உட்கார்ந்தவள்தான் நாலாவது நாளே என்னிடம் பாத்திரக் கடை பற்றிக் கேட்டாள்.

சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவில்...

மறுநாள் நானும் அவளுடன் போனேன். டிஜிட்டல் டெஸ்க் ஆள் அல்லவா, ‘ரீல்ஸுக்கு ஏதாவது கிடைக்கும்’ என்ற நப்பாசையும் இருந்தது.

சின்னக் கூடம். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். மற்ற ஜன்னல்களைத் துணி போட்டு மூடியிருந்தார். ஏன் வடக்கு? நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி வடக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக உள்ளே விழாது. காலையிலிருந்து மாலை வரை வெளிச்சம் பெரிதாக மாறாது. வெளிச்சம் மாறினால் நிழல் நகரும், நிழல் நகர்ந்தால் நேற்று வரைந்தது இன்றைக்குப் பொய்யாகிவிடும்.

முக்காலி மேல் அந்தப் பிரசித்தி பெற்ற சொம்பு. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். பின்னால் சாம்பல் நிறத் துணி. தரையில் சாக்பீஸால் மூன்று இடங்களில் குறி. ஒன்று முக்காலிக்கு, ஒன்று ஈசலுக்கு, ஒன்று இவள் கால்களுக்கு. “தினமும் அதே இடத்துல நின்னுதான் பாக்கணும். ஒரு சாண் தள்ளி நின்னா அது வேற சொம்பு” என்றார் மாஸ்டர்.

ஈசலையும் சொம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். இவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நிஜச் சொம்பும் தாளில் உள்ள சொம்பும் ஒரே உயரமாகத் தெரியும். ஒரு பார்வை அங்கே, ஒரு பார்வை இங்கே. தப்பு இருந்தால் உடனே கண்ணில் குத்தும். இந்த முறைக்கு ஐரோப்பிய ஸ்டூடியோக்களில் ‘சைட் சைஸ்’ என்று பெயர். இன்றைக்கும் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இதை முறையாகக் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றன. டேனியல் கிரேவ்ஸ் என்ற ஓவியர் 1991-ல் தொடங்கிய ஃப்ளாரன்ஸ் அகாடமி ஆஃப் ஆர்ட் அவற்றில் பிரபலமானது. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் பணம் கட்டிப் போய்க் கற்கும் முறை, ஆரணியில் ஒரு முன்கூடத்தில் சாக்பீஸ் கோடாக இருந்தது.

அவருடைய கருவிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று. அதை நூலில் தொங்கவிட்டு, சொம்பின் வாய் விளிம்புக்கு நேர்கீழே எது வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. படத்தை அதில் திருப்பிப் பார்த்தால், பழகிப்போய் மறைந்திருந்த கோணல் சட்டென்று தெரியும். நீட்டிய கையில் ஒரு பென்சில். அதன் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை அளவு. பிறகு, பாதி மூடிய கண்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சில்லறை விவரமெல்லாம் மறைந்து, வெளிச்சம் ஒரு கூட்டம், நிழல் ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரியும்.

“கண்ணைத் தொறந்து பாக்கச் சொல்ற வாத்தியாரைத்தான் பாத்திருக்கேன். மூடிப் பாக்கச் சொல்றவர் நீங்கதான் சார்” என்றேன்.

“எல்லாத்தையும் பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா” என்றார்.

பாரிஸிலிருந்து எழும்பூர் வரை

இந்தச் சொம்பு வரையும் படிப்பு எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஓவியம் என்பது ஒரு மாஸ்டரின் பட்டறையில் உட்கார்ந்து கற்கும் தொழில். 19-ம் நூற்றாண்டு பாரிஸில் இதற்கு ஒரு ஒழுங்கான படிவரிசையே இருந்தது. முதலில் நல்ல வரைபடங்களைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். அடுத்து, வெள்ளைப் பிளாஸ்டர் சிலைகள். வண்ணம் இல்லாததால் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அதற்குப் பிறகுதான் உயிருள்ள மனிதர். கடைசியில்தான் வண்ணம். சார்லஸ் பார்க் என்பவர், ழெரோம் என்ற பெரிய ஓவியருடன் சேர்ந்து 1866-லிருந்து 1871-க்குள் இதற்கென்றே ஒரு பாடத்தொகுப்பை அச்சிட்டார். முறையாகக் கல்லூரியில் படித்து முடிக்காத வான்கோ, அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு தானாகவே வரைந்து வரைந்து பழகினார். ‘கிறுக்கல்’ போலத் தெரியும் வான்கோவின் கோடுகளுக்குப் பின்னாலும் இந்தச் சலிப்பூட்டும் பயிற்சி இருக்கிறது.

நம் பக்கம், 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. 1929-ல் அதன் பொறுப்பை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையை எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்தவர் அவர்தான். கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது.

இந்த முறையில் பழகிய கண்ணுக்கு ஒரு நல்ல உதாரணம், நம் வாசகர்களின் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாகத் தெரிந்தவர். நாமக்கல்லில் 1919-ல் பிறந்த பி.எம்.சீனிவாசன். நாமக்கல் கவிஞர் கவிஞர் மட்டுமல்ல, தேர்ந்த ஓவியரும்கூட. அவருடைய ஊக்கத்தில் இவர் சென்னை ஓவியப் பள்ளிக்குப் போனார். பிறகு ஆனந்த விகடனில் ‘சில்பி’ ஆனார். கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, அங்கேயே வரைந்தவர். கல்லில் உள்ள ஒவ்வொரு மணியும் அவர் படத்தில் அப்படியே இருக்கும்.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். “அவரு போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து வரைஞ்சிருக்கலாமே?” என்றாள். 90ஸ் கிட்ஸுக்கே வயசாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

சொல்லித்தர மறுத்தவர்களும், கூட வைத்துக்கொண்டவரும்

கற்றுத்தர ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ராஜா ரவி வர்மாவின் கதையே போதும். திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ண ஓவியம் தெரிந்தவர் ராமசாமி நாயக்கர். இளைஞர் ரவி வர்மாவுக்கு அதைக் கற்றுத்தர அவர் மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளரான ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்கின்றன ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, வரையும்போது பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மா பார்த்தே கற்றார். 1873-ல் சென்னை ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் இருக்கிறது. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

சி.கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். துறவு மனநிலையில் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்து சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போனார். அந்தப் பாதை 1940-களில் அவரைக் கோவில்பட்டியில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஸ்டூடியோ வைத்தார். டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், எம்.ராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் எல்லோருமே கல்லூரிக்குப் போய்க் கற்றுக்கொண்டவர்கள் அல்ல. குருவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை போவதைப் பார்த்து, அவர் வேலையில் ஒரு பகுதியைச் செய்து வளர்ந்தவர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சிவகாசி. அச்சு இயந்திரங்கள் ஓடின. உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் முருகனோ மீனாட்சியோ இவர்கள் கை வண்ணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த முறை போகும்போது படத்தின் ஓரத்தில் உள்ள கையெழுத்தைப் பாருங்கள். சில படங்களில் குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தக் கையெழுத்துதான். ஒரு சின்ன ஊர். ஒரு ஸ்டூடியோ. தெரிந்ததை ஒளிக்காத ஒரு மனிதர். அதிலிருந்து ஒரு தலைமுறைக்கே தொழில் கிடைத்தது.

ஒடுக்கு எங்கே?

இரண்டாம் நாள் வகுப்பில் நான் ஒரு வேலை செய்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

போனில் ஏ.ஐ. ஆப்பைத் திறந்து, ‘ஜன்னல் வெளிச்சத்தில் பித்தளைச் சொம்பு, பக்கத்தில் எலுமிச்சம்பழம், எண்ணெய் வண்ண ஓவியம்’ என்று அடித்தேன். சில விநாடிகளில் தகதகவென்று ஒரு படம் வந்தது. மாஸ்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லாருக்கு. ஒடுக்கு எங்க?”

“எந்த ஒடுக்கு சார்?”

முக்காலியைக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன். சொம்பின் இடுப்பில், வலது பக்கம், கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஒடுக்கு. அதில் ஜன்னல் வெளிச்சம் வளைந்து ஒரு சின்னக் கோடாக ஓடியது. இரண்டு நாளாக அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணில் படவே இல்லை. இவள் தாளில் அது இருந்தது.

“என் சம்சாரம் கல்யாணத்துக்குக் கொண்டாந்த சொம்பு. எம் பையன் சின்னதுல கெணத்தடியில போட்டு உருட்டுனான்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

ஏ.ஐ. படம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அது உலகத்தில் உள்ள எல்லாச் சொம்பையும் கலந்து ஒரு சொம்பு தரும். இந்தச் சொம்பைத் தராது. போட்டோ இந்தச் சொம்பைத் தரும். ஆனால், அது ஒரே கண்ணால் பார்த்தது. நிழலைப் பல நேரம் ஒரே கறுப்பாக அடைத்துவிடும். கிட்டே வைத்து எடுத்தால் முகத்தில் மூக்கு பெரிதாகிவிடும். போட்டோவைப் பார்த்து வரையும்போது, எதைப் பார்க்க வேண்டும் என்ற முடிவை ஏற்கெனவே கேமரா எடுத்துவிடுகிறது. நிஜத்தின் முன்னால் உட்கார்ந்தால் அந்த முடிவை நாம் எடுக்க வேண்டும். பயிற்சி என்பது கைக்கு இல்லை, அந்த முடிவுக்கு.

ஓர் இழை ஏறியிருக்கு!

அன்று இரவு வீட்டில் இவள் அந்தத் தாளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். இடம் சரியாக இல்லை என்று அவளுக்கே தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. தூக்குநூல் பிடித்தாள், கண்ணாடியில் பார்த்தாள். கோபத்தில் பென்சிலைத் தூக்கிப் போட்டாள்.

மாமா சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

“இடது பக்கம் தோள் ஓர் இழை ஏறியிருக்கு பாரு.”

ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம்.

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம். “இன்னாத்துக்கு இப்படிப் பாக்கறீங்க? முப்பது வருசமா இதான என் வேல? முந்தியில ஒரு இழை தப்புனா மொதலாளி கூலியில புடிச்சிருவாரு” என்றார்.

அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். தறியில் உட்காருவதற்கு முன்னால் அவருக்கு வீட்டில் கொடுத்த வேலை தார் சுற்றுவது. அப்புறம் அறுந்த இழைக்கு முடி போடுவது. அப்புறம் பாவு பிணைப்பது, ஒவ்வோர் இழையாக, ஆயிரக்கணக்கில். நாடாவைக் கையில் தரவே அவர் அப்பா வெகுகாலம் காக்க வைத்தாராம். “அப்ப எனக்கும் அழுகதான். இப்ப இருட்டுல தொட்டாகூட எந்த இழை தொய்ஞ்சிருக்குன்னு சொல்லிருவேன்.”

பட்டுக்கும் ஓவியத்துக்கும் இடையில் இருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. சேலையில் ஓடும் மயிலையும் மாங்காயையும் அன்னத்தையும் முதலில் ஒருவர் வரைகிறார். அது கிராப் பேப்பருக்குப் போகிறது. வண்ணம் அடித்த கட்டம் என்றால் இழை தூக்க வேண்டும், அடிக்காத கட்டம் என்றால் வேண்டாம். அதன்படி அட்டையில் ஓட்டை. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால் தறி அந்தப் படத்தைப் ‘படித்து’ நெய்கிறது. இப்போது கிராப்பும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. ஆனால், முதல் மயிலை யாரோ ஒருவர் வரைந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவர் நிஜ மயிலைப் பார்த்தவரா, பழைய சேலையின் மயிலைப் பார்த்து வரைந்தவரா என்பது கழுத்து வளைவிலேயே தெரிந்துவிடும்.

இதை இருநூறு வருடங்களுக்கு முன்பே புரிந்துகொண்ட ஊர் ஒன்று உண்டு. பிரான்ஸ் நாட்டின் லியோன். அதுவும் நம் ஆரணி மாதிரி பட்டு நெசவு ஊர்தான். ஜக்கார்டு பெட்டிக்குப் பெயர் தந்த ஜோசப் மரி ஜக்கார்டின் ஊரும் அதுவே. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய தறி இயந்திரம் அங்கே ஓட ஆரம்பித்த அதே காலத்தில், 1807-ல், அந்த ஊரில் ஓர் ஓவியப் பள்ளி திறந்தார்கள். பட்டுக்கு டிசைன் போட ஆட்கள் வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அங்கே பூ வரைவதற்கென்றே தனி வகுப்பு இருந்தது. பூவை நேரில் பார்த்து வரையப் பழகிய பிள்ளைகளில் பலர் பட்டு டிசைனர்கள் ஆனார்கள். சிலர் ஓவியர்கள் ஆனார்கள். நெசவாளிகளின் ஊர், ஓவியப் பள்ளியை ஆடம்பரமாக நினைக்கவில்லை. தறிக்கு வேண்டிய இன்னொரு சாமானாக நினைத்தது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பட்டு டிசைன் வரைய வரும் பிள்ளைக்கு, ஒரு செம்பருத்தியை முன்னால் வைத்து ஒரு வாரம் பார்க்கக் கற்றுத்தரும் ஓர் இடமும் இந்த ஊரில் இருந்தால் எப்படி இருக்கும்?

சரி, சோறு போடுமா?

மாமாவின் கேள்விக்கு நான் பூசி மெழுகப் போவதில்லை. அது நியாயமான கேள்வி.

ஓவியம் படித்தவர்களுக்கு நம் ஊரில் தெரிந்த வேலை, பள்ளி டிராயிங் மாஸ்டர் வேலை. 2012-ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடங்களாகப் போராடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் படிப்புக்குள் வர வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கவின்கலைக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் 4 வருடம். அதில் ஓவியம் மட்டுமல்ல, சிற்பம், விளம்பரக் கலை, துணி வடிவமைப்பு போன்ற பிரிவுகளும் உண்டு. சினிமா கலை இயக்கம், அனிமேஷன், கேம் டிசைன் போன்ற இடங்களிலும், நேரில் பார்த்து வரையத் தெரிந்திருப்பது கைகொடுக்கும். கல்லூரிக்குப் போகாமலே தொடங்கவும் ஒரு வழி இருக்கிறது. அரசு தேர்வுத்துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் எல்லாம் உண்டு. அந்தத் தேர்வுப் பட்டியலில் ஓவியத்துக்குப் பக்கத்தில் கைத்தறி நெசவும் இருக்கிறது என்பதை மாமாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

சுவரில் ஒட்டியிருக்கும் இளையராஜாவும் ஏதோ வரம் வாங்கி வந்தவர் இல்லை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு சென்னையிலும் வருடக்கணக்கில் உட்கார்ந்து பழகியவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது தமிழ்நாடே அழுதது. அவர் வரைந்த ஜன்னல் வெளிச்சம் நம் வீட்டு ஜன்னல் வெளிச்சம்தான். அதை அவர் நாள்கணக்கில் பார்த்தார், நாம் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு சொம்பு இருக்கும்

உங்கள் வீட்டில் வரையும் பிள்ளை இருக்கிறதா? மாஸ்டர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

ஒரே ஒரு பொருள். பளபளப்பு குறைந்ததாக, சாதாரணமானதாக இருக்கட்டும். மண் சட்டி, உருளைக்கிழங்கு, செங்கல்லின் பாதி. பித்தளையெல்லாம் அப்புறம்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். டியூப் லைட்டும் ஜன்னலும் சேர்ந்தால் நிழல் குழம்பும்.

தினமும் ஒரு மணி நேரம், ஒரு வாரம், அதே பொருள். தினமும் புதுப்படம் வேண்டாம்.

முதலில் வெளிக்கோடு. அது சரியான பிறகு நிழலின் எல்லை. நிழலை ஒரே சாம்பல் நிறத்தில் நிரப்பிவிட்டுத் தள்ளி நின்று பார்க்கவும். நுணுக்கமெல்லாம் கடைசியில்.

போட்டோவைப் பார்த்து வரைவது குற்றமில்லை. ஆனால், அது இனிப்பு மாதிரி. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம்.

முக்கியமாகப் பெரியவர்களுக்கு: “சூப்பர்” என்று மட்டும் சொல்லாதீர்கள், “உனக்கு வராது” என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இழை ஏறியிருக்கிறது என்று உங்கள் கண்ணுக்கும் தெரியலாம்.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று காலை, மாமா தறிக்குழியில் இருந்தார். இவள் எதிரே தரையில் உட்கார்ந்து அவர் கைகளை வரைந்துகொண்டிருந்தாள்.

“அப்பா, ஒரு நிமிசம் ஆட்டாம இருப்பா.”

“நான் ஆட்டாம இருந்தா உன் காலேஜுக்கு யாரு பீஸ் கட்டுவா?”

நாடா ஓடியது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். ‘காலேஜ்’ என்ற வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் காலேஜ் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. இவள் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மறுபடி பார்க்க ஆரம்பித்தாள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு முன்கூடம், ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் வேறு ஊரில் சந்திப்போம்!